புல் முடிந்து வைப்பவர்கள்

(1975-இல் பட்டம் பெற்ற கல்லூரி நண்பர்கள் ஐம்பதாவது ஆண்டில் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கூடினார்கள். அன்றைய இரவு விருந்துக்கு முன் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். உள்ளூர் மக்களும் பள்ளி ஆசிரியர்களும் வந்திருந்தனர்.)



சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறீர்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டியவர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டம் இது. ஆகவே சுற்றி வளைக்கப் போவதில்லை.

இந்த மலைப்பக்கத்து விருந்துக்கு மிகப் பழைய வழிகாட்டி ஒன்று நம் கையில் இருக்கிறது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம். 583 அடிகள். பாடியவர் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா என்பது நீங்கள் காரில் கடந்து வந்திருக்கக்கூடிய இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. அது பிறப்பது இதே ஜவ்வாது மலையில். நன்னனின் நவிரமலைதான் பர்வதமலை என்று போளூர்க்காரர்கள் உரிமையோடு சொல்வார்கள். நான் அந்த வழக்குக்குள் போகவில்லை.

அந்தப் பாட்டில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. தினைச்சோறு வருகிறது, கடமான் இறைச்சி வருகிறது, மூங்கில் குழாயில் முற்றிய தேன்கள்ளும் வருகிறது. மூங்கிலரிசியையும் மேட்டு நிலத்து நெல்லையும் அவரையையும் புளிக்கரைசலில் சேர்த்துக் காய்ச்சிய கூழ் வருகிறது. மலைக் குடிகளின் வீட்டுக்குள் உங்கள் வீடு போலவே நுழையலாம், வாசலில் தயங்கி நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார் புலவர். இன்று நமக்குச் சமையற்கட்டில் சாமைச் சோறு வெந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைப் பார்க்கிறேன். முன்பு இந்த மலையில் நெல்லுச்சோறு கிடைக்காத வீட்டார் அதைச் சாப்பிட்டார்கள். இப்போது சமவெளியில் நெல்லுச்சோறு வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன வீட்டார் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் நான் பேச வந்தது மலைபடுகடாத்தின் சமையலைப் பற்றியல்ல. அது ஆற்றுப்படை வகையைச் சேர்ந்த பாட்டு. நன்னனிடம் வயிறார உண்டு, பரிசிலும் பெற்றுத் திரும்புகிறது ஒரு கூத்தர் கூட்டம். எதிரே பசியோடு இன்னொரு கூட்டம் வருகிறது. உண்டவர்களின் தலைவன் அவர்களை மடக்கி, எங்கே போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறான். அவ்வளவுதான் கதை. உண்டவன் உண்ணாதவனுக்கு வழி சொல்வதற்கென்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருந்த மொழி நம்முடையது. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், இந்த வகைதான்.

வழி சொல்வதிலும் எத்தனை அக்கறை! பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கிறது, பாம்பு எங்கே கிடக்கும், பாறை எங்கே வழுக்கும், தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறான். வழியில் பெயர் எழுதிய நடுகற்கள் நிற்கும், யாழை மீட்டி வணங்கிவிட்டுப் போங்கள் என்கிறான். பிறகு ஓர் இடம் வருகிறது. எனக்கு அந்தப் பாட்டிலேயே மிகவும் பிடித்த இடம் அது. பாதை பிரியும் கவட்டில், பின்னால் வருகிற புதியவர்களுக்கு எது சரியான வழி என்று தெரிய வேண்டும். ஆகவே அந்த இடத்தைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து அடையாளமாகப் போட்டுவிட்டுப் போங்கள் என்கிறான். போகிறவர்கள் பசியில் இருக்கிறார்கள். அவர்களுக்கே இன்னும் சோறு கிடைக்கவில்லை. ஆனாலும் பின்னால் வருபவனுக்காக ஒரு நிமிடம் நின்று புல் முடிய வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கூட்டத்தைப் பார்க்கிறேன்.

நீங்கள் கல்லூரியில் சேர்ந்தது 1972-இல். பெரும்பாலானவர்கள் புகுமுக வகுப்பு முடித்து வந்தவர்கள். அந்த ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். விடுதியில் ஒரே அறைக்குள் இரண்டு கட்சி ஆனது. அடுத்த ஆண்டு ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தது. அதை எத்தனை முறை பார்த்தீர்கள் என்ற கணக்கு இன்று மாலையிலிருந்து மூன்று மேசைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தேர்வு எழுதிவிட்டு ஊர் திரும்பிய 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. இளையராஜாவின் முதல் படம் 1976-இல்தான் வந்தது. ஆகவே உங்கள் கல்லூரிக் காதல்கள் எல்லாம் விசுவநாதன் இசையிலேயே தோற்றுப்போயின. அன்று வேலூரும் திருவண்ணாமலையும் திருப்பத்தூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் பிரித்தார்கள், பிறகு மறுபடியும் பிரித்தார்கள். மூன்று மாவட்டங்களின் அடையாள அட்டைகளோடு வந்து ஒரே ‘இன்னாடா மச்சான்’ என்று கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள்.

வயதானவர்களைக் கூப்பிட்டு வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவற்றையே அதிகமாகச் சொல்வார்கள் என்று உளவியலார் கண்டிருக்கிறார்கள். நாற்பது வயதில் என்ன சாப்பிட்டோம், யாரோடு சண்டை போட்டோம் என்பது மங்கிவிடும். விடுதி மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை என்ன போட்டார்கள் என்பது மங்காது. இது உங்கள் பெருமையும் இல்லை, கல்லூரியின் பெருமையும் இல்லை. மூளையின் வழக்கம். ஆகவே ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று இன்று இரவு யாராவது சொன்னால், கொஞ்சம் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

தலைமயிரைப் பற்றி ஒரு சொல். சங்கப் புலவர் பிசிராந்தையார் முதியவர், ஆனால் அவருக்கு நரை இல்லை. எப்படி என்று சான்றோர் கேட்டபோது, நல்ல மனைவி, நல்ல மக்கள், குறிப்பறியும் ஏவலர், தீது செய்யாத அரசன், ஊரில் கொள்கைச் சான்றோர் என்று காரணம் அடுக்கினார். இங்கே நரையில்லாதவர்கள் பலர் இருக்கிறீர்கள். காரணம் நான் கேட்கவில்லை.

இப்போது வராதவர்களுக்கு வருகிறேன். விருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வந்தவர்களைப் பற்றியே பேசுவது மரபு. யார் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார், யார் மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று மேடையில் வாசித்தீர்கள். இறந்துபோனவர்களின் பெயர்களையும் வாசித்து, எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தீர்கள். அது நன்று. இந்த மலையடிவாரத்துக்கு அது பழக்கமான செயல்தான்; செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தேடித் தொகுத்து, நீங்கள் கல்லூரியில் சேர்ந்த அதே 1972-இல், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது. இறந்தவர் பெயரைக் கல்லில் எழுதி வைத்த நாடு இது. ஆனால் உயிரோடு இருந்தும் வராதவர்களின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. உங்கள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவர்கள்தான் அதிகம்.

ஏன் வரவில்லை என்று கேட்டால் உடனே கிடைக்கும் பதில், ‘அவன் பிஸி, சார்’. எழுபது வயதைக் கடந்தவனுக்கு என்ன பிஸி?

இங்கே பக்கத்தில் காவலூர் இருக்கிறது. நாளைக் காலை பலர் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். வைணு பாப்பு என்ற வானியலாளர் 1960-களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்து, காட்டுக்கு நடுவே வான் ஆய்வகம் அமைத்தார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென் வானத்தின் பெரும் பகுதியும் இங்கிருந்து தெரியும். ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்து சேர்ந்ததும் 1972-இல்தான். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் குறுக்கே செல்லவிருந்தது. அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டு ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்தத் தொலைநோக்கியில் காத்திருந்தார்கள். கோள் இன்னும் விலகியே இருந்தபோது, விண்மீனின் ஒளி சில நொடிகள் சட்டென்று மங்கி மீண்டது. இடையில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வந்திருக்கிறது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்றே அவர்கள் முதலில் எழுதினார்கள். விமானத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குழு கண்ட பல மங்கல்களையும் சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெளிவானது.

உங்களில் இயற்பியல் படித்தவர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நான் தமிழாசிரியன், எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒளி மங்கியது என்பது செய்தி. அதற்கு முதலில் தோன்றும் காரணம் சரியான காரணமாக இருக்க வேண்டியதில்லை. ‘பிஸி’ என்பது முதலில் தோன்றும் காரணம்.

உண்மைக் காரணங்களை நான் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். காசு ஒன்று. இந்த விருந்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று குழுவில் போட்டீர்கள். முடியாதவர்கள் தர வேண்டாம் என்று அடியில் ஒரு வரியும் போட்டீர்கள். அந்த வரிதான் பலரை நிறுத்தியது. நூறு பேர் பார்க்கிற இடத்தில் ‘நான் முடியாதவன்’ என்று யார் கை தூக்குவார்? பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவர் இருக்கிறார். நிலத்தை விற்று மகளுக்குக் கல்யாணம் செய்தவர் இருக்கிறார். அவர்கள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சத்தமில்லாமல் இருப்பார்கள். காலை வணக்கப் படத்துக்குக் கைகூப்புவார்கள். தேதி அறிவித்த அன்று குழுவிலிருந்து விலகிவிடுவார்கள்.

பெண்கள் இன்னொரு கதை. உங்கள் வகுப்பில் பெண்கள் குறைவு என்றீர்கள். சரி, அந்தக் குறைவிலும் இன்று எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்? மேடையிலிருந்து எண்ண எனக்கு ஒரு கை போதும். கல்யாணமானதும் ஊர் மாறியது, தலையெழுத்தோடு முதலெழுத்தும் மாறியது. கல்லூரிப் பதிவேட்டில் இருக்கும் பெயரை வைத்துத் தேடினால் அவர்கள் எங்குமே இல்லை. கண்டுபிடித்தாலும், தொலைபேசியை எடுப்பவர் மகன். ‘அம்மாவுக்கு முட்டி வலி, ராத்திரி தங்க முடியாது’ என்கிறார். அம்மாவிடம் கேட்டாரா என்பது நமக்குத் தெரியாது.

உடல் முடியாதவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். நினைவு தப்பியவர்களைக் குடும்பத்தார் வெளியே காட்டத் தயங்குகிறார்கள். இரண்டு நண்பர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தால், அந்த மனிதர் தன் பேரன் பெயரை மறந்திருந்தாலும் உங்கள் பெயரைச் சொல்லக்கூடும். அதற்கான காரணத்தைச் சற்று முன்பே சொன்னேன்.

கடைசியாகச் சொல்வது கசக்கும். பட்டப்பெயர். இன்று மாலை முழுக்க அவரவர் பட்டப்பெயரைக் கூவிக் கூவிச் சிரித்தீர்கள். வந்திருப்பவர்கள் அந்தப் பெயர்களைப் பொறுத்துக்கொண்டவர்கள், அல்லது ரசித்தவர்கள். நிறத்தை வைத்து, திக்குவாயை வைத்து, அப்பா செய்த தொழிலை வைத்து, சாதியை வைத்து விடுதியில் பெயர் சூட்டப்பட்டவர்கள் எங்கே? கூப்பிடுகிறவருக்கு அது இளமை. கேட்கிறவருக்கு ஐம்பது ஆண்டுகளாக ஆறாத புண். 1972-இல் விடுதிப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை உட்கார்ந்தவர்கள் மறந்துவிடலாம். உட்கார இடம் கிடைக்காதவர் மறக்க மாட்டார். அவருக்கு நீங்கள் அனுப்பும் அழைப்பிதழ் எத்தனை அழகாக அச்சடித்திருந்தாலும், அது எதற்கான அழைப்பு என்று அவர் யோசிப்பார்.

ஒன்று கூடச் சேர்க்கிறேன், நம்மை உபசரிக்கும் இந்த ஊர்க்காரர்கள் முன்னால். அன்று உங்கள் வகுப்பில் இந்த மலையிலிருந்து யாராவது இருந்தார்களா? மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலைமக்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கு வருகிறார்கள். தேனும் புளியும் சீத்தாப்பழமும் மலையிறங்கிச் சந்தைக்குப் போன பாதையில், பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதற்கு வெகுகாலம் பிடித்தது. அவர்களும் 2075-இல் எங்கேயாவது ஒன்றுகூடி விருந்து வைக்கட்டும்.

அமெரிக்காவின் ஹார்வர்டில் 1829-ஆம் ஆண்டு வகுப்பு ஒன்று இருந்தது. வகுப்பு விருந்துக்கே பேர்போன வகுப்பு அது. மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அந்த வகுப்புக்காரர். 1851 தொடங்கி 1889 வரை வகுப்பு விருந்துகளுக்கென்றே கவிதை எழுதி வாசித்து வந்தார். அமெரிக்கர்கள் தேசப் பாடல் போலப் பாடும் பாட்டொன்றை எழுதிய சாமுவேல் ஸ்மித், கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ், அடிமை முறை வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எதிர்த்து எழுதிய நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ் எல்லாரும் அதே வகுப்பு. ஆண்டுக்கு ஆண்டு நாற்காலி குறைந்தது, கவிதைகளில் துயரம் கூடியது. படித்தால் மனம் இளகும். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. அது சாவு மட்டுமே ஆளைக் குறைத்த பந்தியாகப் பேசப்படுகிறது. மானக்கேட்டால் வராதவர் அந்த வகுப்பில் ஒருவர்கூடவா இல்லை?

அதே ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய ஆய்வொன்றில் 268 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஜான் கென்னடியும் அவர்களில் ஒருவர். பின்னர் பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பது வயதில் ஒருவருக்கு இருந்த உறவுகளின் நிறைவு, எண்பது வயதில் அவர் உடல்நலம் எப்படி இருக்கும் என்பதை, கொலஸ்ட்ராலைவிட நன்றாகக் காட்டியது என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். இதைக் கேட்டதும் இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்து நண்பரைக் கட்டிக்கொண்டார். உட்காருங்கள் ஐயா, மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

காவலூர் ஆய்வகத்தை அமைத்த வைணு பாப்புவும் ஹார்வர்டில் படித்தவர்தான். 1949-இல், 21 வயதில், அங்கே புதிய வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் இருவர் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்து அந்த வால்மீனுக்கு வாய்த்தன. அது மறுபடி சூரியன் பக்கம் வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பாப்பு 1982-இல் இறந்தார், போக் 1983-இல், நியூகிர்க் 1985-இல். பெயர்கள் மட்டும் பிரியாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

வராதவருக்கு இடம் விட்டு வைப்பதைப் பற்றி நம்மிடம் ஒரு கதை உண்டு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் நேரில் கண்டிராத பிசிராந்தையாருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். பாண்டிய நாட்டிலிருந்து அவர் வந்து சேர்ந்தார். இதைப் பள்ளியில் எல்லாரும் படித்தோம். கூட இருந்த பொத்தியார் கதையை அவ்வளவாகப் பேசுவதில்லை. பொத்தியாரும் உடன் வடக்கிருக்க வந்தார். மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்த பின் வா என்று சோழன் திருப்பி அனுப்பினான். பிள்ளை பிறந்தது. அவர் திரும்பி வந்தபோது சோழன் இல்லை, நடுகல் நின்றது. தனக்கான இடம் எது என்று அந்தக் கல்லிடம் கேட்டு, அங்கே உட்கார்ந்தார். பொத்தியார் வர முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் சோழனுக்குத் தெரிந்திருந்தது. நண்பன் என்றால் வராததன் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த இடத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தது அழகுக்காக. பீமன் அருவி இருக்கிறது, கோமுட்டேரியில் படகு இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது. ஆனால் மலைப்பாதை வளைவுகள், இரவு விருந்து, தங்கல், தலைக்கட்டணம் என்று நீங்கள் வைத்த ஒவ்வொன்றும் ஒரு சிலரைக் கீழேயே நிறுத்திவிட்டது. வண்டி இல்லாதவரை நிறுத்தியது, இரவு வெளியே தங்க முடியாத பெண்ணை நிறுத்தியது, கைப்பிடித்து நடப்பவரை நிறுத்தியது. மலைபடுகடாத்தில் கூத்தர்களுக்குப் பொறியும் பாம்பும் எங்கே என்று சொல்லி வைத்தார்கள். உங்கள் நண்பர்களுக்கு நீங்களே பொறி வைத்திருக்கிறீர்கள், தெரியாமல்தான்.

அடுத்த சந்திப்பைச் சமவெளியில் வையுங்கள். திருப்பத்தூரோ போளூரோ, பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு மண்டபம் போதும். பகல் சாப்பாடு. மூன்று மணிக்கு முடித்துவிட்டால் எல்லாரும் வெளிச்சத்தில் வீடு போய்ச் சேரலாம். கட்டணம் என்ற சொல்லே அழைப்பில் வேண்டாம்; வசதியுள்ள பத்துப் பேர் செலவை முடித்துவிட்டு, முடித்ததை யாரிடமும் சொல்லாமல் இருங்கள். மேடை வேண்டாம், பதவி வாசிப்பு வேண்டாம். வராதவர் பட்டியலை இன்று இரவே பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு பெயர். தொலைபேசி போதாது, வீட்டுக்குப் போங்கள். போகும்போது பட்டப்பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு, அவருடைய அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அம்மா எங்கே என்று மகனிடம் கேட்காமல், அம்மாவிடமே பேசுங்கள். சிலர் கதவைத் திறக்க மாட்டார்கள். சிலர் திறந்து நான்கு வார்த்தை திட்டுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நான்கு வார்த்தைகள் ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருந்தவை.

அந்தப் பகல் சாப்பாட்டுக்கு என்னைப் பேச அழைக்க வேண்டாம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவேன். இப்போது எழுந்திருங்கள், சாமைச் சோறு சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும் என்று சமையற்கட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டது.